முதல் தடவை எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஓட்டியபோது உங்களுக்கு எப்படி இருந்தது?

ஐந்துரோடு:

பிக்கப்பைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் எல்லோரும் சொல்வதுதான், அதை விட்டுவிடுகிறேன். என்னைக் கேட்டால் இந்த வண்டியில் முதல் நாள் கவனமாக இருக்க வேண்டியது அது ஓடும்போது இல்லை, நிற்கும்போது. பெட்ரோல் வண்டி ஸ்டார்ட்டில் இருந்தால் உறுமும், அதிரும், புகை வாசம் வரும், பக்கத்தில் நிற்கிறவருக்கும் தெரிந்துவிடும். இதில் ஆன் ஆகியிருக்கிறதா இல்லையா என்று சொல்ல ஸ்க்ரீனில் ஒரு எழுத்து மட்டும்தான், உச்சி வெயிலில் அதுவும் சரியாகத் தெரியாது.

சேலத்தில் ஷோரூமில் டெலிவரி எடுத்தபோது மாலை, சந்தனம், குங்குமம் எல்லாம் ஆயிற்று. பையன் வந்து "பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு பட்டனை அமுக்குங்க சார்" என்றான். அமுக்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அமுக்கப் போனேன், "ஆயிடுச்சு சார், கிளம்பலாம்" என்றான். நம்பிக்கையில்லாமல் ஆக்ஸிலேட்டரைத் தொட்டேன். சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கிய சத்தம் கேட்டதும்தான் வண்டி நகர்கிறது என்றே எனக்கு உறைத்தது. பின்னால் நின்ற மச்சான் சிரித்த சிரிப்பு தனிக்கதை.

அந்த மச்சான் இருபது வருஷ ஸ்ப்ளெண்டர் ஆள். வீட்டுக்கு வந்ததும் "கொடுங்க மாமா, ஒரு ரவுண்டு" என்று வாங்கிப் போனான். தெருமுனை வேகத்தடையில் இடது கை பழக்கதோஷத்தில் கிளட்ச் என்று நினைத்து முழுசாகப் பிடித்துவிட்டது. ஸ்கூட்டரில் அங்கே இருப்பது பிரேக். அதிலும் இப்போதைய வண்டிகளில் சிபிஎஸ் என்கிற கூட்டு பிரேக் இருப்பதால் இடது லிவரைப் பிடித்தால் முன்சக்கரமும் சேர்ந்தே பிடிக்கும். விழவில்லை, ஆனால் திரும்பி வரும்போது ரொம்ப மரியாதையாக ஓட்டி வந்தான். கியர் வண்டியிலிருந்து நேராக இதற்கு வருகிறவர்கள் முதலில் யாரும் இல்லாத இடத்தில் இடது கையைப் பழக்கிவிடுங்கள், ஆக்ஸிலேட்டர் எல்லாம் அப்புறம்.

நிற்கும் வண்டிக்கு வருகிறேன். பெட்ரோல் ஸ்கூட்டரில் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் முதலில் இன்ஜின் சுற்று ஏற வேண்டும், அதற்குப் பிறகுதான் உள்ளே இருக்கும் சென்ட்ரிஃபியூகல் கிளட்ச் பிடிக்கும், அப்புறம்தான் சக்கரம் நகரும். அந்தச் சின்ன இடைவெளிக்கு நம் கை பல வருஷமாகப் பழகியிருக்கிறது. மோட்டாருக்கு அந்த இடைவெளியே கிடையாது, சுற்றாமல் நிற்கும் நிலையிலிருந்தே முழு டார்க்கை, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் விசையை, கொடுக்கும். கம்பெனிக்காரர்கள் சாஃப்ட்வேரில் கொஞ்சம் மெதுவாக்கி வைத்திருப்பார்கள், சார்ஜை மிச்சப்படுத்தும் ஈகோ மோடில் அது நன்றாகவே தெரியும், ஆனாலும் வெடுக்கென்று திருகினால் வெடுக்கென்றுதான் போகும். சாயந்திரம் தட்டுவடை செட் கடை முன்னால் தெரிந்தவர் ஒருவர் வண்டியில் உட்கார்ந்தபடியே, ஸ்டாண்டும் போடாமல், தட்டை வாங்கக் கை நீட்டினார். பேச்சு சுவாரசியத்தில் இன்னொரு ஆள் "இதானா புது வண்டி" என்று கைப்பிடியை ஒரு திருகு. வண்டி முன்னால் பாய்ந்து தள்ளுவண்டியின் சக்கரத்தில் முட்டி நின்றது, பீட்ரூட் துருவலும் சட்னியும் ரோட்டில். யாருக்கும் அடியில்லை. சைடு ஸ்டாண்ட் போட்டிருந்தால் மோட்டார் கட் ஆகியிருக்கும், அந்த வசதி இப்போது அநேகமாக எல்லா வண்டியிலும் இருக்கிறது. குழந்தையை முன்னால் நிறுத்தி ஓட்டுகிறவர்கள் இதை மட்டுமாவது மனதில் வையுங்கள்: நின்றதும் ஸ்டாண்டைப் போடுங்கள், இல்லையென்றால் ஆஃப் செய்யுங்கள், சத்தம் வராததால் ஆஃபில் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொரு விஷயம் எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. 100 சதவீத சார்ஜில் கிளம்பினால் ஆக்ஸிலேட்டரை விட்டாலும் வண்டி பெடல் மிதிக்காத சைக்கிள் போல உருண்டுகொண்டே போகிறது. கொஞ்ச தூரம் போய் சார்ஜ் சில சதவீதம் இறங்கியதும் அதே வண்டி, அதே ரோடு, கையை விட்டால் யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி வேகம் குறைகிறது. வண்டியில் ஏதோ கோளாறு என்று முதலில் சந்தேகப்பட்டேன். விஷயம் இதுதான்: கையை விட்டதும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்குக் கரன்ட் அனுப்புகிறது, அந்த இழுவைதான் ரீஜென். நிரம்பி வழிகிற பேட்டரியில் அந்தக் கரன்ட்டைப் போட இடமில்லை, அதனால் முழு சார்ஜில் அது வேலை செய்யாது. முதல் சிக்னலில் பிரேக்கை எவ்வளவு நம்ப வேண்டும் என்பது அன்றைக்கு எத்தனை சதவீதத்தில் கிளம்பினீர்கள் என்பதைப் பொறுத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஏற்காடு. வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றார்கள், அதனாலேயே போனேன் என்றும் சொல்லலாம். சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு, சேலத்திலிருந்து கிட்டத்தட்ட 1,200 மீட்டர் உயரம் ஏற வேண்டும். கிளம்பும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டியும் நானும் சேர்ந்து 190 கிலோ. இதை 1,200 மீட்டர் தூக்குவதற்கு மட்டும், உராய்வு காற்று எதையும் சேர்க்காமல், 0.6 யூனிட்டுக்கு மேல் வேண்டும். என் பேட்டரி 3 யூனிட் சொச்சம், ஆக ஐந்தில் ஒரு பங்கு உயரத்துக்கே போய்விடும், மிச்சம் தூரத்துக்கு. பாதிக்கு மேல் செலவாகும் என்று வந்தது, அப்படியே ஆனது. 100-ல் கிளம்பி ஏரிக்கரையில் நின்றபோது 45. ஏறும்போது திணறல் இல்லை, ஆனால் நான் தனி ஆள். இரண்டு பேர் ஏறி நீண்ட ஏற்றத்தில் விரட்டினால் மோட்டார் சூடேறும், அப்போது வண்டி தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும், அதைக் கோளாறு என்று எண்ணிப் பயப்பட வேண்டாம்.

இறங்கும்போது கரன்ட் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று வீடியோக்களில் சொல்வதை நம்பாதீர்கள். அடிவாரத்தில் 47. வந்தது இரண்டு சதவீதம், அவ்வளவுதான். எனக்கு அதில் வருத்தமில்லை. வளைவுக்கு வளைவு பிரேக்கைப் பிடித்துத் தேய்க்காமல் கையை விட்டே இறங்கியதுதான் பெரிய லாபம்.


உப்புக்காற்று:

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். முன்பு ஓட்டியது ஸ்கூட்டி, அதனால் ஓட்டுவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை அண்ணா. முதல் நாள் அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பனிமய மாதா கோவிலுக்குப் போனேன். பாதி வழியில் அம்மா என் தோளைத் தட்டி "ஏட்டி, வண்டி ஆஃப் ஆயிட்டு பாரு, எறக்கத்துல உருளுது" என்றார்கள். இந்த ஊரில் ஏது இறக்கம்! இன்றைக்கும் அம்மா ஏறியதும் ஒரு தடவை "ஓடுதா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை எடுப்பார்கள்.

சத்தம் வராதது மார்க்கெட் பக்கம்தான் தொந்தரவு. கூடையோடு குறுக்கே வருகிற ஆச்சிகள் காதை நம்பித்தான் ரோட்டைக் கடக்கிறார்கள், திரும்பிப் பார்ப்பதில்லை. நான் ஹாரன் அடிக்கவே பிடிக்காத ஆள், இப்போது அடித்துக்கொண்டே போகிறேன்.

ஆனால் எனக்கு வண்டியை விடச் சார்ஜ்தான் பெரிய அனுபவம். வாடகை வீடு, கீழே பிளக் பாயின்ட் வீட்டுக்காரர் மீட்டரில் இருக்கிறது. "ராத்திரி பூரா கரன்ட் இழுக்குமே" என்று அவர் முகம் மாறிவிட்டது. முழு சார்ஜுக்கு மூன்றரை யூனிட் என்று கணக்குச் சொல்லி, சப்மீட்டர் செலவும் என்னுடையது என்றதும் சம்மதித்தார். அவர் பயத்திலும் நியாயம் உண்டு. இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் ரேட் மாறிவிடும், ஏசி ஓடுகிற வீட்டில் நம் வண்டி கடைசி ஐம்பது யூனிட்டாகப் போய் உட்கார்ந்தால் அவருக்குத்தான் அடி. வீடு பார்க்கும்போதே இதைப் பேசிவிடுங்கள், வண்டி வாங்கியபின் பேசினால் பேரம் நம் பக்கம் நிற்காது.


பழைய ரிட்டயர்டு:

நீங்கள் எல்லோரும் பெரிய வண்டிக்காரர்கள். என்னுடையது 250 வாட், 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாத சின்ன வண்டி. லைசென்ஸ் வேண்டாம், ரெஜிஸ்ட்ரேஷன் வேண்டாம், பச்சை நம்பர் பிளேட்டும் கிடையாது. ரேஷன் கடை, பூங்கா, பேத்தியின் டியூஷன், இதற்கு மேல் எனக்கு வேலையில்லை. சமதளத்தில் சுகம். முதல் நாள் ரயில்வே மேம்பாலத்தில் ஏறினேன், பாதி ஏற்றத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டு ஒரு பையன் என்னைத் தாண்டிப் போனான், "தாத்தா, தள்ளி விடவா?" என்று வேறு கேட்டான். பின்னால் லாரி. இப்போது மேம்பாலம் பக்கமே போவதில்லை, ரயில்வே கேட் வழியாகச் சுற்றிப் போகிறேன். லைசென்ஸ் கேட்க மாட்டார்கள் என்பதால் ஹெல்மெட்டும் வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னார். நான் போட்டுக்கொள்கிறேன். விழுந்தால் ரோடு வாட் கணக்குப் பார்ப்பதில்லை.

ஐந்துரோடு தம்பிக்கு ஒரு கேள்வி. என் மகன் ஏற்காட்டில் லாட்ஜில் தங்கி ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் இறங்கலாமா என்று கேட்கிறான்.


ஐந்துரோடு:

தாராளமாகப் போடட்டும் ஐயா, ஆனால் 100 வரை வேண்டாம். முழுசாக நிரப்பிக்கொண்டு மேலிருந்து கிளம்பினால் ரீஜென் இருக்காது, 20 வளைவுக்கும் பிரேக் மட்டும்தான் துணை, சூடேறி வாசம் வந்துவிடும். 80-லேயே பிளக்கை எடுத்துவிடச் சொல்லுங்கள், சேலம் வந்து சேர அதில் பாதிகூட வேண்டாம். லாட்ஜில் 15 ஆம்ப் பாயின்ட் பெரும்பாலும் கீசருக்குப் பாத்ரூமில்தான் இருக்கும். 5 ஆம்பில் போடுகிற சார்ஜராக இருந்தால் வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு பாயின்ட் உண்டா என்று போனிலேயே கேட்டுக்கொள்ளட்டும், மாடி ரூமிலிருந்து ஜன்னல் வழியே எக்ஸ்டென்ஷன் ஒயர் விடுவது மட்டும் வேண்டாம், அங்கே மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது.