ஆன்டெனா எர்த்திங்குக்கு எந்த உலோகம்?

கேள்வி: கம்பம் கால்வனைஸ் செய்த (துத்தநாகம் பூசிய) இரும்பு, இடமோ எப்போதும் ஈரம். செம்புக் கம்பியை நேராகக் கம்பத்தில் இறுக்கி எர்த் ராடுக்கு (மண்ணில் அடித்து இறக்கும் உலோகத் தண்டு) இறக்கலாமா?

பதில் 1: வேண்டாம். ஈரம் பட்டால் இரண்டும் சேர்ந்து பேட்டரி மாதிரி வேலை செய்யும், அதில் கரைவது துத்தநாகப் பூச்சு, அது போனதும் இரும்பு துருப்பிடிக்கும். இடையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாஷர் போடுங்கள், அல்லது வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி.

பதில் 2: அப்படியென்றால் கம்பியையே ஸ்டெயின்லெஸ்ஸில் போடலாமே?

பதில் 1: அதன் கடத்துதிறன் செம்பில் சுமார் 40-ல் ஒரு பங்குதான். மூட்டுக்குச் சரி, மின்னல் இறங்கும் பாதைக்குச் செம்புதான் வேண்டும். அப்புறம், அலுமினியத்தை மண்ணில் புதைக்கவே கூடாது.

பதில் 3: செம்பு பூசிய ராடு என்றால் பூச்சு 250 மைக்ரான் இருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய பூச்சு மண்ணில் அடித்து இறக்கும்போதே உரியலாம்.