செவ்வாயின் காந்த வரைபடத்தில் ஹெல்லஸ் படுகை பளிச்சென்று தெரிகிறது, 200 கி.மீ. பள்ளம் ஏன் தெரியவில்லை?

பாறைக்கண்: மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலத்தின் 400 கி.மீ. உயர காந்த வரைபடத்தில், மோதலால் உண்டான பெரிய படுகைகளான ஹெல்லஸ், ஆர்கைர் இரண்டுக்குள்ளும் புலம் மிகவும் குறைவு. தென்பகுதியில் 200 கி.மீ. அளவுப் பள்ளங்களில் மட்டும் அப்படி எதுவும் இல்லை. அவை காந்தம் இழக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? ஹெல்லஸ் உண்டானபோது டைனமோ (கோளின் உள்ளே காந்தப்புலத்தை உண்டாக்கும் இயக்கம்) நின்றிருந்தது என்பது உறுதிதானா?

அலைநீளம்: முதல் கேள்விக்கு, கூடாது. உயரம் h, அலைநீளம் (காந்த வடிவம் ஒருமுறை திரும்ப வரும் தூரம்) λ என்றால் புலம் e^(−2πh/λ) மடங்காகத் தேயும். 200 கி.மீ. பள்ளத்துக்கு λ சுமார் 400 கி.மீ. என்று வையுங்கள். 400 கி.மீ. உயரத்தில் மிஞ்சுவது 500-இல் ஒரு பங்கு, மேவன் விண்கலம் இறங்கிய 150 கி.மீ. உயரத்தில் பத்தில் ஒரு பங்கு. வரைபடத்தில் இல்லை என்பதற்கும் பாறையில் இல்லை என்பதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு விண்கலத் தரவையும் சேர்த்து 2019-இல் வந்த காந்தப்புல மாதிரி தரையில் 160 கி.மீ. வரைதான் பிரித்துக் காட்டும். 200 கி.மீ. பள்ளம் அதிலும் விளிம்பில்தான் நிற்கிறது.

இரவுப்பாதை: தரவை எடுக்கும் முறையும் முக்கியம். பகல் பக்கத்தில் அயனிமண்டல மின்னோட்டம் கலந்துவிடும். சர்வேயர் என்றால் இரவு 2 மணிப் பாதைகளை மட்டும் எடுங்கள். ஆரத்திசைக் கூறில் (புலத்தின் செங்குத்துப் பகுதியில்) வெளிப்புலத்தின் கலப்பு குறைவு, அதைப் பாருங்கள். பள்ளத்துக்குள் உள்ள சராசரியைச் சுற்றுவளையத்தின் சராசரியால் வகுத்துப் பாருங்கள். தனி எண்ணை நம்ப வேண்டாம்.

இன்னொரு பொறி: அகலமாக, ஒரே சீராகக் காந்தமேறிய தட்டு நடுவில் மேலே புலமே காட்டாது, விளிம்பில்தான் காட்டும். ஆகவே நடுவில் குறைந்தால் உடனே "காந்தம் போய்விட்டது" என்று எழுதிவிடக் கூடாது.

கியூரி580: இரண்டாவது கேள்வி இன்னும் தீரவில்லை. மோதல் இரண்டு வழியில் அழிக்கிறது. காந்தக் கனிமங்கள் காந்தத்தை இழக்கும் வெப்பநிலையை, அதாவது மேக்னடைட்டின் 580 டிகிரியையும் பிர்ரோடைட்டின் 320 டிகிரியையும், உருகிய நடுப்பகுதி தாண்டிவிடும். அதற்கு வெளியே அதிர்ச்சி அலை. 2.8 கிகாபாஸ்கல் அழுத்தத்தில் பிர்ரோடைட் காந்தத்தன்மையை இழக்கும். அதிர்ச்சிக்குப் பிறகு புலம் இருந்தால் சூடான பகுதி ஆறும்போது அந்தப் புலத்தைப் பதிந்துகொள்ளும். இல்லாவிட்டால் வெறுமை. ஹெல்லஸ், ஆர்கைர் வெறுமையாக இருப்பதை வைத்துத்தான் 410 கோடி ஆண்டுக்கு முன்பே டைனமோ நின்றது என்றார்கள்.

ஆனால் மேவன் தரவு 2020-இல் செவ்வாயின் லூகஸ் பிளானம் என்ற பகுதியில் சுமார் 370 கோடி ஆண்டு வயதுள்ள எரிமலைப் பாறை அடுக்கின் மேல் புலம் காட்டியது. 2024-இல் வேறொரு விளக்கம் வந்தது: பெரிய படுகை ஆற நீண்ட காலம் ஆகும், இடையில் டைனமோ பலமுறை துருவம் மாற்றினால் அடுக்கடுக்காக எதிரெதிர்த் திசையில் பதிந்து, மேலிருந்து பார்க்கும்போது ஒன்றையொன்று அழித்துவிடும். டைனமோ ஓடியும் வெறுமை. எனக்கு இதுதான் பொருந்துகிறது, லூகஸை வேறு எப்படி விளக்குவது?

பாறைக்கண்: அப்படியானால் விரைவில் ஆறும் சின்னப் பள்ளமே நல்ல சாட்சி, அதுதான் கண்ணுக்குத் தெரியவில்லை!

கியூரி580: அதேதான். காந்தமானியோடு தாழ்வாகப் பறக்க வேண்டும், அல்லது தரையில் ஊர்தி ஓட்ட வேண்டும்.