ரியூசனுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில் குடும்ப செபம்

யாழ்ப்பாணம் குருநகரிலிருந்து ஒரு அம்மா:

எங்கள் வீட்டில் ஆறு பேர். நானும் இவரும் வேலைக்குப் போகிறோம். மூன்று பிள்ளைகள், கூடவே என்னுடைய அம்மா. மூத்தவளுக்கு இந்த வருசம் ஓ.எல். பரீட்சை. பள்ளிக்கூடம் விட்டு வந்து உடுப்பு மாற்றிச் சாப்பிட்டதும் ரியூசனுக்கு வெளிக்கிட்டால் திரும்பி வர ஏழு மணியாகும். இரண்டாமவனுக்கு வேறு இடம், வேறு நேரம். ஆறு பேரும் ஒன்றாக வீட்டில் இருப்பது இரவு ஏழரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில் மட்டும்தான். சமையல், வீட்டுப்பாடம், அடுத்த நாளைக்குச் சட்டை மினுக்குவது எல்லாம் அதற்குள்தான் நடக்க வேண்டும். "உங்கட வீட்டில செபமாலை எப்ப சொல்லுறனீங்கள்?" என்று கோவிலில் கேட்பவர்களுக்கு நின்று பதில் சொல்லக்கூட நேரம் கிடைப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா வளர்ந்த காலத்தில் பின்னேரம் ஆறு மணிக்குக் கோவில் மணி கேட்டால் திரிகாலச் செபம், காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் சொல்லும் செபம். தெருவில் போகிறவர்களும் அப்படியே நின்று சொல்லுவார்களாம். விளக்கு ஏற்றியதும் ஐம்பத்து மூன்று மணியும் முழங்காலில், பிறகு மாதா பிரார்த்தனை, கடைசியில் "கிருபை தயாபத்துக்கு மாதாவாயிருக்கிற" செபம். எங்கள் வீட்டிலும் இந்த ஒழுங்கு அப்படியே நடக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. ஆனால் ஆறு மணிக்கு வீட்டில் இருப்பது அவரும் கடைக்குட்டியும்தான். சரி, அந்த மணி உங்கள் இரண்டு பேருக்கும் என்று விட்டுவிட்டோம். மணி கேட்டதும் சின்னவன் பந்தை முற்றத்தில் போட்டுவிட்டு ஓடிவந்து அம்மம்மாவின் கதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். மறுமொழியை அவசரத்தில் பாதி விழுங்கினால், அம்மா அந்த வரியை ஆறுதலாகத் திருப்பிச் சொல்லக் காத்திருப்பார். இப்போது திரிகாலச் செபம் முழுவதும் அவனுக்கு மனப்பாடம். நான் சொல்லிக் கொடுத்ததில்லை.

செபமாலையின் ஐந்து பத்துகளில் முதல் இரண்டும் குசினியில். ஒரு பத்து என்றால் பத்து மணிக்குப் பத்து அருள்நிறை மந்திரம். மா குழைத்து, நீத்துப்பெட்டியில் போட்டுப் பானையில் வைத்ததும் தொடங்கினால் புட்டு அவிவதற்குள் இரண்டு பத்தும் முடிந்துவிடும். மூத்தவள் சம்பலுக்குத் தேங்காய் துருவியபடியே மறுமொழி சொல்லுவாள். மணியைப் பிடிக்கக் கை காலியில்லை என்றால் விரலை மடித்து எண்ணுவோம். செபத்தை இப்படிச் சொல்வது மரியாதைக் குறைவு என்று சிலர் நினைக்கலாம், எனக்கு அப்படித் தெரியவில்லை. நாசரேத்தில் மாதாவும் மா அரைத்து, தண்ணீர் அள்ளித்தான் வீட்டைப் பார்த்திருப்பார். அந்த வேலைக்கு நடுவில் அவர் செபிக்காமலா இருந்திருப்பார்?

சாப்பிட்டு முடித்துப் படுக்கப் போகுமுன் திருஇருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் எல்லாரும் சேர்ந்து ஒரே ஒரு பத்து. ரிவி நிற்க வேண்டும், போன்கள் எல்லாம் ரிவிக்கு மேல் இருக்க வேண்டும். வீட்டில் நாங்கள் கண்டிப்பாக வைத்திருக்கும் சட்டம் அது ஒன்றுதான். ஒவ்வொரு நாளும் ஒருவர் தொடங்குவார். வியாழக்கிழமை என்றால் இரண்டாமவனின் முறை. அன்றைக்கு ஒளியின் மறையுண்மைகள், இயேசுவின் பொதுவாழ்வை நினைத்துச் சொல்லும் ஐந்து நிகழ்ச்சிகள். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2002 இல் சேர்த்தவை என்பதால் பழைய மூன்று வகை மறையுண்மைகளையும் மனப்பாடமாகச் சொல்லும் அம்மாவுக்கு இந்த ஐந்தும் இன்னும் வரிசை தவறும். "யோர்தானுக்குப் பிறகு கானாவூர், அம்மம்மா" என்று அவன் எடுத்துக் கொடுப்பான். பேரன் சொல்லிக் கொடுப்பதில் அவருக்குப் பெரிய சந்தோசம்.

இந்தப் பத்தைத் தொடங்குமுன் ஒவ்வொருவரும் யாருக்காக, எதற்காகச் செபிக்க வேண்டும் என்று ஒரு கருத்துச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுச் செபத்தில் எனக்கு மிகவும் பெறுமதியானது இந்த இரண்டு நிமிடம்தான். சின்னவன் பக்கத்து வீட்டு நாய்க்குட்டிக்காகச் செபிப்பான், அதையும் நாங்கள் ஏற்றுக்கொண்டு சொல்லுவோம். மூத்தவள் கன நாளாகச் "சோதனை நல்லாச் செய்ய வேணும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு இரவு, தலையைக் குனிந்துகொண்டு, "கணக்கு வகுப்புக்குப் போகப் பயமா இருக்கு, அதுக்காக" என்றாள். நாங்கள் அந்த இடத்தில் ஒன்றும் கேட்கவில்லை. செபத்தை முடித்த பிறகு இவர் அவளை விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டுபோய் இருத்திக் கதைத்தார். பிழையாகச் செய்த பிள்ளைகளை எல்லாருக்கும் முன்னால் எழுப்பி ஏளனம் செய்வார்களாம். அடுத்த கிழமையே வேறு ஆசிரியரிடம் மாற்றிவிட்டோம். சாப்பாட்டு மேசையில் கேட்டிருந்தால் "ஒண்டுமில்லை" என்றுதான் பதில் வந்திருக்கும். ஆண்டவரிடம் சொல்கிறோம் என்ற நினைப்பில்தான் அவளுக்கு வாய் திறந்தது.

ஐந்து பத்தும் முழுதாகச் சொல்வது சனி இரவு. ஞாயிறு காலை எந்த ரியூசனுக்கும் பிள்ளைகளை விடுவதில்லை. பூசை, பிறகு மறைக்கல்வி. ஓ.எல். வருசத்தில் இப்படிச் செய்யலாமா என்று சொந்தக்காரர் கேட்கத்தான் செய்கிறார்கள். கேட்கட்டும்.

முழங்காலில் இருந்து சொல்லாத செபம் செபமா என்று முன்பு அம்மாவும் கவலைப்பட்டதுண்டு. ஒரு நாள் அவரே 1995 ஒக்டோபர் 30 இரவைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொன்னார். சண்டையால் ஊரே இடம்பெயர்ந்த இரவு, செபமாலை மாதம் முடிய இன்னும் ஒரு நாள். மழைக்குள், சனத்துக்குள், ஒரு கையில் பை, மற்றக் கையில் நான். நாவற்குழிப் பாலத்தை நெருங்கும் வரை அடிக்கொரு அருள்நிறை மந்திரமாகச் சொல்லிக்கொண்டு நடந்தாராம். அதைச் சொல்லி முடித்த பிறகு, குசினியில் செபமாலை சொல்வதைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை.

சில்லாலைப் பக்கமிருந்து ஒருவர்:

அக்கா எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். கருத்துச் சொல்லும் வழக்கத்தை எங்கள் வீட்டிலும் தொடங்கப்போகிறோம்.

நான் வைத்தியசாலையில் தாதியாக வேலை செய்கிறேன். இரவு வேலை வரும் கிழமைகளில் வீட்டுச் செபத்துக்கு நான் இல்லை. எட்டரைக்கு மனைவி போன் எடுப்பார். நோயாளர் விடுதியில் வேலை இல்லாத நேரமென்றால் தாழ்வாரத்தில் நின்று ஒரு பத்து சேர்ந்து சொல்லுவேன். வேலை இருந்தால் எடுக்க மாட்டேன், அவர்களும் திரும்ப எடுக்க மாட்டார்கள். நோயாளியைப் பார்ப்பதும் அந்த நேரத்துச் செபம்தான் என்று எங்கள் பங்குச் சுவாமி சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமைகளில் ரொறன்ரோவில் இருக்கும் தம்பி குடும்பமும் வட்ஸ்அப்பில் வரும். கோடையில் இங்கே இரவு எட்டரை என்றால் அங்கே காலை பதினொரு மணி. எல்லாரும் ஒரே நேரத்தில் மறுமொழி சொன்னால் குரல்கள் முந்திப் பிந்தி வந்து ஒன்றும் விளங்காது. அதனால் ஒரு வீட்டுக்கு ஒரு பத்து என்று பிரித்துவிட்டோம். அந்த வீடு சொல்லும்போது மற்ற வீடுகள் மைக்கை மூடிவிட்டுத் தங்கள் இடத்தில் மறுமொழி சொல்லும். தம்பியின் மகளுக்குத் தமிழ் எழுத வராது. ஆனால் அருள்நிறை மந்திரத்தைத் தமிழில் தெளிவாகச் சொல்லுகிறாள்.

எங்கள் ஊர்க்காரனாக ஒன்று சொல்ல வேண்டும். 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு கத்தோலிக்கக் குருக்களுக்கு இங்கே இடமில்லை. 1687 இல் யோசப் வாஸ் அடிகளார் கூலிக்காரன் வேடத்தில் வந்தபோது, கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனாராம், அந்த மணியை அடையாளம் கண்டுகொள்ளும் முகத்தைத் தேடி. சில்லாலை மக்கள் அவரை வைத்துக் காத்தார்கள். கிட்டத்தட்ட முப்பது வருசம் பூசை இல்லாத ஊரில் அந்தச் செபமாலையை அடையாளம் காண ஆட்கள் இருந்தார்கள் என்றால், வீடுகளில் யாரோ அதை விடாமல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். 2015 இல் அவர் புனிதராக்கப்பட்டபோது எனக்கு முதலில் நினைவு வந்தது பெயர் தெரியாத அந்த வீட்டுக்காரர்கள்தான்.

பாசையூரிலிருந்து ஒரு சகோதரி:

இவர் கடலுக்குப் போகிறவர். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு போனால் விடியத்தான் வருவார். இரவுச் செபம் எங்களுக்குச் சரிவராது. நாங்கள் மூன்று மணிக்கு இறை இரக்கத்தின் செபமாலை சொல்லுகிறோம். அதே மணிதான், ஆனால் பத்து நிமிடத்துக்குள் முடியும். ஆண்டவர் உயிர்விட்ட நேரம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பிட்டிருப்பார்கள், ரியூசனுக்கு இன்னும் போகவில்லை, இவரும் நித்திரையால் எழும்பியிருப்பார். நாலு பேரும் ஒன்றாக இருக்கிற ஒரே நேரம் அது. முடிந்ததும் பிள்ளைகள் இரண்டு பேரும் தகப்பனுடைய நெற்றியில் சிலுவை போடுவார்கள். நாங்கள் பெற்றோர்தான் பிள்ளைகளுக்குப் போடுவோம் இல்லையா, எங்கள் வீட்டில் மறுவளம். அது இல்லாமல் இவர் வெளிக்கிட மாட்டார்.

இரவில் செபமாலையை நான் பிள்ளைகளோடு பாயில் இருந்து சொல்லுகிறேன். இரண்டாவது பத்துக்குள் சின்னவள் நித்திரையாகிவிடுவாள். எழுப்புவதில்லை. காற்று மாறின இரவுகளில் மட்டும் மூத்தவன் தானாகவே ஐந்து பத்தும் முடியும் வரை இருப்பான். கடலில் இருப்பவரை நினைத்துச் சொல்லும்போது யாரும் நேரம் பார்ப்பதில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் கோவிலில் நவநாள் இருப்பதால் அன்றைக்கு மூன்று மணிச் செபத்தை நேரத்தோடு முடித்துக்கொள்ளுவோம். எங்கள் ஒழுங்கையில் இன்னும் இரண்டு வீடுகள் இப்போது மூன்று மணிக்கு எங்களோடு சேர்ந்திருக்கின்றன. இரண்டும் கடல் தொழில் செய்கிற வீடுகள்தான். இந்தப் பக்கம் இருக்கிறவர்கள், இரவில் ஆள் இல்லாத வீட்டுக்காரர்கள், விருப்பமென்றால் வாருங்கள். பாய் இருக்கிறது, மணி இல்லாதவர்களுக்கு மணியும் இருக்கிறது.