மறு: கெர்ஃப் – பிளவா, வாள்தடமா, அறுவாயா?

வணக்கம்.

தளபாடத் தொழில் பழகும் பயிலுநர்களுக்கான கையேட்டில் 'கெர்ஃப்' (kerf: வாள் அறுக்கும்போது மரத்தில் விழும் இடைவெளி, அதில் இழக்கும் அகலம்) மட்டும் மொழிபெயர்க்காமல் நிற்கிறது. சீவுளி (இழைப்புளி), மூலைமட்டம், கொட்டாப்புளி எல்லாம் பட்டறையில் புழங்கும் சொற்கள்தான், அவற்றோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. இதுவரை பேச்சு அகராதிப் பக்கமே போய்விட்டதால், முதலில் மரத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

வாள் மரத்தைத் தின்றுகொண்டு போகிறது. பற்கள் ஒன்றுவிட்டு ஒன்று இரு பக்கமும் சாய்ந்திருப்பதால், தகட்டின் தடிப்பைவிட வெட்டு அகலமாக விழும். அப்படி விழாவிட்டால் தகடு மரத்துக்குள் இறுகிவிடும். கைவாளில் அந்த அகலம் ஏறக்குறைய 1.5 மில்லிமீற்றர். மேசை வட்டவாளில் சாதாரணமாக 3 மில்லிமீற்றர், அதாவது ஓடாவிமார் (தச்சர்) கணக்கில் ஒரு நூல், அங்குலத்தில் எட்டில் ஒன்று.

8 அடி முதிரை மரச் சட்டத்தில் 2 அடிக்கு ஒன்றாக முன்கூட்டியே கோடு போட்டு, கோட்டின் நடுவிலேயே வட்டவாளை விட்டுப் பாருங்கள். நடுத்துண்டு இரண்டும் ஒரு நூல் குறையும், ஓரத்துண்டு இரண்டும் அரை நூல் குறையும். அவற்றை மேசைக்குக் கால்களாகப் பூட்டினால் மேசை சாயும், இல்லாவிட்டால் ஆடும். ஒன்றை அறுத்த பிறகே அடுத்ததை அள என்று புதுப் பெடியனுக்குச் சொல்வதும், கழுந்து (மூட்டில் துளைக்குள் நுழையும் முனை) வெட்டும்போது கோட்டைத் தொடாமல் கழிவுப் பக்கம் வாளை வை என்பதும் இதனால்தான்.

இனி இழையில் நீங்கள் எழுதிய யோசனைகளுக்கு வருவோம்.

> பிளவு என்றே வைக்கலாமே? ஆப்பிழுத்த குரங்கு மாட்டியது பிளவில்தானே?

குரங்கு மாட்டியது சரி. ஆனால் பிளவு கோடரி போட்டாலும் வரும், மரம் வெயிலில் காய்ந்தாலும் வரும். அது நாரோடு ஓடும், மரம் குறையாது. பிளந்த பலகையைத் திரும்ப ஒட்டினால் பழைய அகலம் கிடைத்துவிடும். அறுத்த பலகையை ஒட்டினால் கிடைக்காது.

> வாள்வாய்?

அது வாளின் கூர்ப்பக்கம். வேண்டாம்.

> வாள்தடம் எல்லோருக்கும் உடனே விளங்கும்.

விளங்கும். ஆனால் அறுத்த முகத்தில் நிற்கிற கீறல்களுக்கும் அதுதான் பொருந்துகிறது. சீவுளி போட்டு எடுப்பது அந்தத் தடத்தைத்தானே? கையேட்டின் சீவுளிப் பாடத்துக்கு அதை வைத்துக்கொள்வோம்.

என் முன்மொழிவு: இதை இரண்டு சொல்லாகப் பிரிப்போம். ஆங்கிலம் இடைவெளியையும் இழந்த அகலத்தையும் ஒரே சொல்லில் அடைத்திருக்கிறது. நாமும் அடைக்க வேண்டுமா என்ன?

இடைவெளிக்கு அறுவாய். அறுத்ததால் உண்டான வாய். குறள் 1117-இல் 'அறுவாய் நிறைந்த அவிர்மதி' என்று வருகிறது. அங்கே அது நிலவின் தேய்ந்த, குறைந்த இடம். குறைவு என்ற அந்தப் பழைய பொருளும் நமக்கு உதவியாகத்தான் இருக்கிறது.

இழந்த அகலத்துக்கு வாள் சேதாரம். நகைக்கடைக்குப் போன எவருக்கும் சேதாரம் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். "அறுவாய் மூடி வாளைப் பிடித்தால் ஆப்பு வை." "வெட்டுக்கு ஒரு நூல் சேதாரம் விட்டு அள." பலகையின் பின்பக்கம் முழுதாக வெட்டாமல் வரிசையாக அறுத்து வளைப்பதற்கு 'அறுவாய் வளைப்பு' என்றும் வரும். 'வாள்தட வளைப்பு' எனக்கு நாக்கில் நிற்கவில்லை.

சென்னை நண்பர் வாளை ரம்பம் என்று எழுதச் சொல்கிறார். கையேடு யாழ்ப்பாணத்துக்கு, இங்கே அது வாள்தான். அறுவாயில் வாளும் இல்லை, ரம்பமும் இல்லை, அதனால் இரு கரைக்கும் செல்லும். அங்கே ரம்பச் சேதாரம் என்று போட்டுக்கொள்ளட்டும். அறுவாய் காதுக்கு அரிவாள் போலக் கேட்கிறது என்ற அவருடைய மற்ற மறுப்பில் நியாயம் உண்டு, ஆனால் பட்டறையில் அரிவாளுக்கு வேலை இல்லாததால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

வேறு மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள். 'புறாவால் மூட்டு' (dovetail joint) என்ற சொல்லை மாற்றும் பேச்சு தனி இழைக்குப் போகட்டும். அந்தச் சொல்லால் பட்டறையில் யாருக்கும் இடைஞ்சல் இருப்பதாகத் தெரியவில்லை.