ஒரே கையெழுத்தில் மொத்தச் சொத்தும் போய்விடுமா? சீரியல் காட்சி பற்றி ஒரு சந்தேகம்

தேன்மொழி:

வணக்கம். எங்கள் வீட்டில் தினமும் இரவு எட்டரைக்கு ஒரு சீரியல் ஓடும். மாமனார், மாமியார், நான் மூவரும் சேர்ந்துதான் பார்ப்போம். போன வாரம் அதில் வந்த ஒரு காட்சியால் வீட்டில் ஒரு சங்கடம். அதனால்தான் எழுதுகிறேன்.

கதையில் ஒரு பெரியவர். கோயில் அன்னதானத்துக்கு நன்கொடைக் காகிதம் என்று சொல்லி மூத்த மருமகள் நாலைந்து தாள்களை நீட்டுகிறாள். அவர் கண்ணாடிகூடப் போடாமல், யாரிடமோ பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். நடுவில் ஒரு தாள் வேறு. மறுநாள் காலை கூடத்தில் நின்று அதைத் தூக்கிக் காட்டி, "இந்த வீடு, மில்லு, பேங்க்ல இருக்கிற பணம் எல்லாம் இப்ப என் பேர்ல" என்கிறாள். சாயங்காலம் மொத்தக் குடும்பமும் பெட்டியோடு தெருவில்.

என் மாமனாருக்கு 78 வயது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இது நவம்பர், ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ்ச் சான்று கொடுக்க வேண்டிய மாதம். வழக்கம்போல நான் படிவத்தை நிரப்பி அவரிடம் நீட்டினேன். பேனாவை வாங்கியவர் அதை மூடி மேஜையில் வைத்துவிட்டு, "பெரியவன் வரட்டும்மா, படிச்சுச் சொல்லட்டும்" என்றார். பதினாறு வருடமாக அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது நான். என்மேல் சந்தேகம் என்று நினைக்கவில்லை, காட்சியைப் பார்த்துப் பயந்திருக்கிறார், அது தெரிகிறது. ஆனாலும் அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்படி ஒரு தாளில் கையெழுத்து வாங்கி எல்லாச் சொத்தையும் எடுத்துக்கொள்ள முடியுமா? முடியாது என்றால் ஏன் எல்லாச் சீரியலிலும் அதையே காட்டுகிறார்கள்? பதில்களை அவருக்கு வாசித்துக் காட்டப் போகிறேன்.

பத்திரம் எழுதுபவர்:

அம்மா, நான் உரிமம் பெற்ற ஆவண எழுத்தர். திருவாரூர் மாவட்டத்தில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே 26 வருடமாக மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இதே கேள்வியை மாதம் ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள், அதுவும் முந்தின நாள் ராத்திரி பார்த்த காட்சியைச் சொல்லியே கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பெரியவருக்கு நிதானமாக வாசியுங்கள்.

வீடு, மனை, நிலம் இவற்றை ஒருவர் இன்னொருவருக்குத் தானமாகவோ, குடும்பத்தாருக்கு எழுதி வைக்கும் செட்டில்மெண்டாகவோ கொடுத்தால், அல்லது நூறு ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ளதை விற்றால், அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். 1908ஆம் வருடத்துப் பதிவுச் சட்டம் சொல்வது இது. கூடத்தில் தூக்கிக் காட்டிய அந்தத் தாளால் வீடு கைமாறாது. பதிவு என்றால் எழுதிக் கொடுப்பவர் நேரில் வர வேண்டும், அடையாள அட்டை காட்ட வேண்டும், புகைப்படம் எடுப்பார்கள், கைரேகை பதிப்பார்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும். சார்பதிவாளர் முகத்தைப் பார்த்து, "இதை நீங்கதான் எழுதிக் கொடுத்தீங்களா? விவரம் தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டீங்களா?" என்று கேட்பார். "நான் எழுதிக் கொடுக்கவில்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் பதிவு நின்றுவிடும்.

அப்புறம் அந்தத் தாளில் என்ன எழுதியிருக்க முடியும் என்று பாருங்கள். ஒரு சாதாரண வீட்டுக்கே சர்வே எண், கதவு எண், எத்தனை சதுரடி, வடக்கே யார் வீடு, தெற்கே எந்தத் தெரு என்று நான்கு எல்லையும் எழுதி முடிக்க எனக்கு ஒரு பக்கம் ஆகும். மில்லின் பங்குகளை மாற்ற வேறு படிவம், வேறு வழி. வங்கியில் இருக்கும் பணத்துக்கும் இந்தப் பத்திரத்துக்கும் சம்பந்தமே கிடையாது. "சகல சொத்தும்" என்று ஒரு வரியில் எழுதி வந்தால் நான் அதைத் தட்டச்சுக்கே கொடுக்க மாட்டேன்.

இன்னொன்றும் அடிக்கடி காட்டுகிறார்கள். வில்லி தாய்ப்பத்திரத்தை அடுப்பில் போட்டுவிடுவாள், குடும்பமே அழும். பத்திரம் எரிந்தால் அலைச்சல்தான், வீடு எரிந்ததாகாது. பதிவான பத்திரம் அலுவலகப் புத்தகத்தில் இருக்கிறது. மனு போட்டால் சான்றிட்ட நகல் கொடுப்பார்கள்.

உயில் விஷயத்தில் மட்டும் சீரியல்காரர்கள் பயமுறுத்துவதில் பாதி நியாயம் உண்டு. உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முத்திரைத்தாளும் வேண்டாம். வெள்ளைத் தாளில் எழுதி, எழுதியவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் இருந்தால் செல்லும். அப்படிப் பதியாமல் பீரோவில் வைத்த உயிலை ஒருவர் கிழித்துப் போட்டால், அப்படி ஒன்று இருந்தது என்று நிரூபிக்க உயிர் போகும். அதனால்தான் உயிலையும் பதிந்து வையுங்கள் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன்.

பெரியவரிடம் இதையும் சொல்லுங்கள்: படிக்காமல் கையெழுத்துப் போடாமல் இருப்பது நல்ல பழக்கம்தான். வெற்றுத் தாள், வெற்றுக் காசோலை, புரோநோட்டு இவற்றில் போட்ட கையெழுத்து பின்னால் கடனாக வந்து நிற்கும். பதிவு வேண்டாத காகிதங்கள் அவை.

இரவுப்பணி செவிலி:

கையெழுத்துக் காட்சியோடு அந்தக் கட்டைவிரல் காட்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவில்லாமல் படுத்திருப்பவரின் பெருவிரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் வைப்பார்கள். அறையில் வேறு யாருமே இருக்க மாட்டார்கள்.

பதினோரு வருடம் அந்தப் பிரிவில் வேலை பார்த்திருக்கிறேன். நோயாளியின் விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப் மாட்டியிருக்கும். கையை லேசாகத் திருப்பினாலே அது நழுவி மானிட்டர் கத்தத் தொடங்கும், நாங்கள் ஓடிப் போவோம். ஷிஃப்ட் மாறும்போது தலை முதல் கால் வரை பார்த்துத்தான் அடுத்தவரிடம் ஒப்படைப்போம். விரலில் மை இருந்தால் தெரியாமல் போகாது.

ஆனால் முயற்சி செய்பவர்கள் நிஜத்திலும் உண்டு. ஒருமுறை பார்வையாளர் நேரத்தில் வந்த ஒருவரின் சட்டைப் பையில் ஸ்டாம்ப் பேட் இருந்தது. தகப்பனாரின் கையைப் போர்வைக்கு அடியிலிருந்து எடுத்தபோது நான் பார்த்துவிட்டேன். "பேங்க் வேலைக்கு சிஸ்டர்" என்றார். டாக்டரைக் கூப்பிடுகிறேன் என்றதும் போய்விட்டார். அந்தப் பெரியவருக்கு நினைவு திரும்பவே இல்லை. அவர் விரலை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு வந்தேன், மை பட்டிருக்கவில்லை, ஆனாலும் துடைத்தேன்.

கதைப்பிரியன்:

தேன்மொழி அக்கா கஷ்டம் புரிகிறது. ஆனால் சீரியலைச் சட்டப் புத்தகம்போல் பார்க்க வேண்டுமா? அம்மா நாள் முழுக்க வேலை செய்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கிறார். டோக்கன் எடுத்து, வரிசையில் நின்று, சாட்சியோடு பதிவு செய்வதை எல்லாம் காட்டினால் அவர் வேறு சேனல் மாற்றிவிடுவார். நிஜத்தில் நடப்பதில் அவ்வளவு விறுவிறுப்பு இருக்காது.

பத்திரம் எழுதுபவர்:

தம்பி, விறுவிறுப்பு இல்லை என்று சொல்லாதீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன், ஊரும் பேரும் வேண்டாம்.

மகன் தன் அம்மாவை அழைத்து வந்திருந்தார். வீட்டைத் தன் பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதச் சொன்னார். நான் எழுதினேன், படித்தும் காட்டினேன், அந்த அம்மா தலையாட்டினார். முத்திரைத் தீர்வை கட்டியாயிற்று. அழைப்பு வந்து உள்ளே போனோம். கைரேகைக் கருவி அவர் விரலை ஏற்கவே இல்லை. நாற்று நட்டு, களை பறித்துத் தேய்ந்த விரல்கள். பெருவிரல், ஆள்காட்டி விரல் என்று மாற்றி மாற்றி வைக்கிறார், சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து வைக்கிறார். மகனுக்குப் பொறுமை போய், அம்மாவின் விரலைத் தானே பிடித்துக் கண்ணாடிமேல் அழுத்தினார்.

அப்போதுதான் சார்பதிவாளர் நிமிர்ந்து பார்த்தார். மகனை வெளியே நிற்கச் சொன்னார். "உங்க விருப்பத்தோடதான் எழுதிக் குடுக்கறீங்களாம்மா?" என்று கேட்டார். அந்த அம்மா பதிலே சொல்லவில்லை. மேலே மின்விசிறி சத்தம் மட்டும் கேட்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, "இன்னிக்கு வேணாம்யா" என்றார்.

வெளியே வந்து நேரே என் மேஜைக்கு வந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார். "எழுதின கூலிய நான் தரேன், அவன்ட்ட கேக்காத" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தார். நான் வாங்கிக்கொள்ளவில்லை.

இதைக் காட்டினால் உங்கள் அம்மா சேனல் மாற்றுவாரா, தம்பி?

எனக்கு இருக்கும் ஆதங்கமே வேறு. ஏமாற்றிக் கையெழுத்து வாங்குவதை மட்டுமே காட்டிக் காட்டி, பாசமாக அழைத்துப் போய் எழுதி வாங்குவதை யாரும் காட்டுவதில்லை. நான் பார்த்த வரையில் பெரியவர்கள் சொத்தை இழப்பது அப்படித்தான். முழு நினைவோடு, சிரித்த முகத்தோடு போட்டோவுக்கு உட்கார்ந்து, பதிந்து கொடுப்பார்கள். ஆறு மாதத்தில் சோறு போடும் முறை மாறும். ஒருமுறை பதிந்த செட்டில்மெண்டை நினைத்தபோது தாமாக ரத்து செய்ய முடியாது. பொது அதிகாரப் பத்திரம் அதைவிட மோசம், எழுதிக் கொடுத்தவர் வராமலேயே பவர் வாங்கியவர் சொத்தை விற்றுவிடலாம்.

அதனால் என்னிடம் வரும் வயதானவர்களிடம் இரண்டு விஷயம் சொல்வேன். கொடுப்பதானாலும் "என் ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமை எனக்கே" என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதுங்கள். அந்த நிபந்தனையை மீறினால், 2007ஆம் வருடத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கேட்கலாம். ஒரு சீரியலில், ஒரே ஒரு காட்சியில், ஒரு கிழவி கோட்டாட்சியர் அலுவலகப் படி ஏறுவதைக் காட்டட்டும். எத்தனை வீட்டில் அது போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் மறுநாள் காலை அவர்கள் என் மேஜைக்குத்தான் வருவார்கள்.

முன்னாள் உதவி இயக்குநர்:

ஏன் காட்டுகிறார்கள் என்ற கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். மூன்று வருடம் தினசரித் தொடர்களில் வேலை பார்த்தேன்.

ஒரு நாளுக்கு ஒரு எபிசோட், இருபது நிமிடத்துக்கு மேல் எடுத்தாக வேண்டும். வாடகைக்கு ஒரு பங்களா, அதில் கூடம், சமையலறை, மாடிப்படி. கதையில் என்ன நடந்தாலும் அந்தக் கூடத்துக்கு வந்தாக வேண்டும். பதிவு அலுவலகம் என்றால் வேறு இடம், அனுமதி, கூடுதல் நடிகர்கள், அரை நாள் போய்விடும். அதனால் பத்திரமே வீட்டுக்கு வந்துவிடுகிறது. வசனம் பல நாள் அன்று காலையில்தான் கைக்கு வரும், சரிபார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. அந்தத் தாளும் பழைய பத்திரம் ஒன்றின் கலர் ஜெராக்ஸ்தான், நானே எடுத்து வந்திருக்கிறேன்.

வியாழக்கிழமை ரேட்டிங் வரும். கையெழுத்து வாங்கிய வாரம் எண்ணிக்கை ஏறியிருந்தால் அதே காட்சி வேறு தொடரில் திரும்ப வரும். அதைப் பார்த்து ஒரு வீட்டில் ஒரு பெரியவர் பேனாவை மூடி வைப்பார் என்று நாங்கள் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது படிக்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

தேன்மொழி:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுச் சாயங்காலம் டிவியை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் மாமாவுக்கு வாசித்தேன். மாமியாரும் கேட்டார். அந்த அம்மா "இன்னிக்கு வேணாம்யா" என்ற இடத்தில் மாமா, "அதை இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன்.

காலையில் அவராகவே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிவத்தைக் கேட்டார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார், கால் மணி நேரம் ஆனது. பிறந்த தேதியில் நான் செய்த ஒரு தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னார். அப்புறம் கையெழுத்துப் போட்டார்.

இன்னொரு விஷயம். அவரும் மாமியாரும் சேர்ந்து ஒரு உயில் பதிய வேண்டும் என்கிறார்கள். மாமா உங்களிடம் கேட்கச் சொன்னார்: பதிவு அலுவலகத்தில் வயதானவர்கள் உட்கார இடம் இருக்குமா? ரொம்ப நேரம் அவரால் நிற்க முடியாது.

பத்திரம் எழுதுபவர்:

பெஞ்சு இருக்கும், அம்மா. முன்பதிவு செய்து உங்களுக்குக் கொடுத்த நேரத்துக்குப் போனால் காத்திருப்பது குறையும். சாப்பிட்டுவிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஆதார் அட்டை, அவர்களை நன்றாகத் தெரிந்த இரண்டு சாட்சிகள், வயதானவர் என்பதால் மருத்துவரிடம் ஒரு சான்று இருந்தால் நல்லது. ஆளுக்கு ஒரு உயிலாகத் தனித்தனியாக எழுதுங்கள், பிற்பாடு சிக்கல் வராது. வரவே முடியாத நிலை என்றால், மனு கொடுத்துக் கட்டணம் கட்டினால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவதற்கும் சட்டத்தில் இடம் உண்டு.

கண்ணாடியை மறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பதியும் முன்பு எழுத்தர் படித்துக் காட்டினாலும், தானே ஒருமுறை படிக்க வேண்டும் என்று அவர் கேட்கலாம். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி.