அப்டேட்: ஹேக்கர பிடிக்கிற மொடலும் அந்த 99 வீதமும்

போன கிழம கேட்டிருந்தன், வந்தாறுமூலை கம்பஸ்ல படிக்கிற தங்கச்சிட புரொஜெக்ட்டுக்கு, கேடிடி கப் 99 எண்ட நெட்வேர்க் தாக்குதல் டேட்டாவில ரேண்டம் ஃபாரஸ்ட் (நிறைய முடிவு மரங்கள் சேந்து வாக்குப் போடுற மொடல்) ஓட்டினா அக்யூரசி (மொத்தத்தில எத்தின வீதம் சரி எண்டது) 99% வருது, நம்பலாமா எண்டு. பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

நம்பேலாது. அந்த டேட்டாவில மொடல பழக்கிற டிரெயினிங் பக்கம் கிட்டத்தட்ட 78%, சோதிக்கிற டெஸ்ட் பக்கம் 75% ரெக்கோர்ட் ஏற்கெனவே வந்ததுதான் திரும்ப வருது எண்டு 2009லயே காட்டிட்டாங்க, அதத் திருத்தித்தான் என்எஸ்எல்-கேடிடி எண்ட டேட்டா வந்தது, ஆனா அதுவும் அடிப்படையில 1998ல டார்பாவுக்காக (அமெரிக்க பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம்) செஞ்ச செயற்கை டிராஃபிக்தானே. இன்னொரு விசயம், சாதாரண யூசரா உள்ள வந்து ரூட் (முழு அதிகாரமும் உள்ள யூசர்) ஆகிற தாக்குதல் இருக்கே, உண்மையில பயப்பட வேண்டியது அதுக்குத்தான், டிரெயினிங்ல அது வெறும் 52 ரெக்கோர்ட். அதில ஒண்டையும் பிடிக்காட்டிலும் அக்யூரசி அசையாது! அதால ஒவ்வொரு தாக்குதல் வகைக்கும் ரீகோல் (உண்மையா நடந்ததில எத்தினயப் பிடிச்சது எண்டது) தனித்தனியா பாருங்க.

இப்ப தங்கச்சி சிஐசி-ஐடிஎஸ் 2017 எண்ட புது டேட்டாவுக்கு மாறிட்டா. 5 நாள் டிராஃபிக், திங்கள் முழுக்க நோர்மல், அத மட்டும் வச்சு ஐசொலேஷன் ஃபாரஸ்ட்ட (வழமைக்கு மாறா இருக்கிறத பிரிச்சுக் காட்டுற மொடல்) பழக்கி மத்த நாள்கள்ல சோதிக்கிறா. பொய் அலாரம்தான் பெரிய தலையிடி, நாளைக்கு 10 லட்சம் கனெக்‌ஷன் வாற இடத்தில 1% பிழைச்சாலே 10,000 அலேர்ட், ஆர் இருந்து பாக்கிற? மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் நெட்வேர்க் வேலை செய்ற ஆக்கள் இருந்தா, ஒரு ஆள் ஒரு நாளைக்கு எத்தின அலேர்ட் பாக்கலாம் எண்டு சொல்லுங்க, திரெஷோல்ட (எந்த அளவுக்கு மேல போனா அலேர்ட் எண்ட எல்லைய) அதுக்கேத்த மாதிரி வைக்கோணும்.