பிள்ளைகளைச் சூதாட்டச் செயலிகளிலிருந்து காக்க உதவி வேண்டும்

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப்புறப் பெற்றோர் சிலரின் சார்பில் எழுதுகிறேன். நான்கு இலக்க எண்ணுக்குப் பரிசு தரும் சீட்டை விற்கும் கடையில் மாணவனின் வயதைப் பார்த்துத் திருப்பி அனுப்ப ஓர் ஆள் இருக்கிறார். கைப்பேசிக்கு வரும் சட்டவிரோதச் சூதாட்டச் செயலியோ, மின்பணப்பையில் பத்து ரிங்கிட் இருந்தாலே எவரையும் உள்ளே விட்டுவிடுகிறது. பந்தயச் சட்டமும் பொதுச் சூதாட்ட இல்லச் சட்டமும் இணையம் பரவுவதற்கு வெகுகாலம் முன்பே, 1953இல், இயற்றப்பட்டவை. அவற்றைப் புதுப்பிக்கவும், சிறுவர் கண்ணில் படும் விளம்பரங்களையும் பணம் செலுத்தும் வழிகளையும் அடைக்கவும் கோரி, எங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு மனு எழுதுகிறோம். பிள்ளைகளையே குற்றவாளிகளாக்கும் வாசகம் எதுவும் அதில் நுழைந்துவிடக் கூடாது என்பதே என் பெருங்கவலை. சட்டம் அறிந்தவர்கள் வரைவைத் திருத்தித் தர இயலுமா? மலாயில் மொழிபெயர்க்கவும் ஒருவர் தேவை. இணையத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் இத்தகைய தளங்களைப் பற்றி முறையிட்டவர்கள், எந்தச் சான்றுகளை இணைத்தீர்கள் என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.